அந்திக்கு என்ன வேலை?

டாக்டர் றிஸ்வானா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு பஸ்ஸுக்குள் அகப்பட்டிருந்தேன். அக்கரப்பத்தனையிலிருந்து லிந்துலைக்கு இறங்கும் பாதையில் மண்மேடு சரிந்துவிட்டது. முன்னால் ஒரு லொறி, பின்னால் பால் ஏற்றும் ஒரு பவுசர் வண்டி. திரும்பிப் போகவும் இடமில்லை. மழைக்குப் பயந்து கண்ணாடிகளை எல்லாம் இழுத்து மூடியிருந்ததால் உள்ளே நனைந்த குடை நாற்றமும் மனித மூச்சும்தான். போன் அடித்தது. ஒபரேசன் தியேட்டரில் அவரோடு வேலை செய்த தாதி, பத்மினி மிஸ்ஸி.

"சேர், டாக்டர் போயிட்டாங்க. விடியக்காலையில. பகல் தொழுகை முடிஞ்சதும் அடக்கமாம். வந்துருவீங்கதானே?"

நான் இறங்கி நடந்தேன். மண் சரிந்த இடத்தில் நின்ற பொலிஸ்காரர் கையை விரித்துத் தடுத்தார். "மாஸ்டர், பள்ளத்தப் பாருங்க. மண்ணு இன்னும் இறங்கிக்கிட்டுதான் இருக்கு" என்று பஸ் கொண்டக்டரும் என் பின்னால் வந்து சத்தம் போட்டார். அந்தப் பக்கம் லிந்துலைப் பள்ளிவாசலின் மினாரா மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. நடந்தால் கொஞ்ச நேரம்தான். ஆனால் அவர்கள் விடவில்லை. திரும்பி வந்து பஸ்ஸின் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். அவருடைய ஜனாஸாவை எடுத்துப்போய் மண்ணில் வைத்து, ஆட்கள் வீடு திரும்பும் வரைக்கும் நான் அங்கேயேதான் இருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காக ஒரு வரி. றிஸ்வானா எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். லிந்துலையில் விதை, உரம், பூச்சி மருந்து விற்கும் சலீம் முதலாளியின் ஒரே மகள். என்னைவிட வயதில் இளையவர். நான் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். இரண்டு தடவை அவர் என்னை மயக்கியிருக்கிறார், இரண்டு தடவையும் எழுப்பியிருக்கிறார். எங்களுக்குள் உறவு என்று சொன்னால் அவ்வளவுதான்.

பஸ்ஸில் இருக்கும்போதே இரங்கல் படங்கள் போனுக்கு வரத் தொடங்கின. ரோசாப்பூவுக்கு நடுவே அவருடைய படம், கீழே "அமைதியே உருவானவர்" என்று கொட்டை எழுத்து. எனக்கு அந்த நேரத்திலும் கோபம் வந்தது. யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்? வாயை மூடச் சொன்னால் மேலும் இரண்டு மடங்கு பேசுகிற மனுசி அவர். தியேட்டரில் அவருக்கு வைத்த பெயரே ரேடியோ. மயங்கிக் கிடக்கும் ஆளின் தலைமாட்டில் நின்று மழையைப் பற்றி, பாதையைப் பற்றி, இன்று சமைத்த கறியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். கேட்காத ஆளிடம் என்ன பேச்சு என்று சத்திரசிகிச்சை செய்கிற டாக்டர்மார் எரிச்சல்படுவார்கள். ஆரம்பத்தில் அவரும் பேசாதவர்தானாம். பத்மினி மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். எனக்கு நடந்த ஒன்றுக்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டியது.

முதல் தடவை எனக்கு அப்பெண்டிக்ஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பிலேயே சுருண்டு விழுந்தவனை ஓட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். வெடித்துவிட்டது, உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். தியேட்டரில் முகமூடி போட்ட ஓர் இளம் டாக்டர், "ஒண்ணும் நடக்காது சேர், தூங்கி எழும்புற மாதிரிதான்" என்றார். அதுதான் றிஸ்வானா. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

பிறகு தெரிந்தது. அதுதான் விசயம். காதுக்குள் சத்தங்கள் வந்தன. இரும்புச் சாமான்களை ஒரு தட்டில் போடும் சத்தம், தண்ணீர் ஓடும் சத்தம், யாரோ சிங்களத்தில் இன்றைக்குப் பேக்கரியிலிருந்து பாண் வரவில்லை என்று சொல்வது. எல்லாம் முடிந்துவிட்டது, எழும்பலாம் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை என்னுடையதாக இல்லை. விரலை அசைக்கப் பார்த்தேன். விரலும் இல்லை. யாரோ தோளை உலுக்கி, "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்றார்கள். நான் என் முழுப் பலத்தையும் கொடுத்துத் திறந்துகொண்டுதான் இருந்தேன், வெளியே ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் மூச்சு நின்றது. அதுவரை எனக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த மெசினைக் கழற்றி, நானே எடுக்கிறேனா என்று பார்த்திருக்கிறார்கள். நான் மூச்சை இழுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நெஞ்சு அசையவில்லை. மண்ணுக்குள் புதைத்துவிட்டு மேலே நின்று பேசுகிறார்கள் என்றுதான் தோன்றியது. கத்தினேன். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. "நல்ல நித்திரை இவருக்கு" என்று ஒருவர் சிரித்தார். என் மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. கணித வாய்ப்பாடு வந்தது. இப்படித்தான் சாகப்போகிறேனா, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த நேரத்தில் ஒரு பெண்குரல், "பொறுங்க. பொறுங்க. அவருக்கு கண்ணீர் வருது" என்றது.

மெசினைத் திரும்ப மாட்டினார்கள். காற்று உள்ளே வந்தது. பிறகு அந்தக் குரல் என் காதுக்குக் கிட்ட வந்து தமிழில் பேசியது.

"சேர், நீங்க முழிச்சிட்டீங்கன்னு நினைக்கிறேன். நான் சொல்றது கேக்கும். நீங்க சாகல. ஒபரேசன் முடிஞ்சிருச்சு. உடம்ப அசையாம வைக்கிற மருந்து மட்டும் இன்னும் போகல. மூச்ச நாங்க எடுத்துத் தர்றோம், நீங்க கஷ்டப்பட வேணாம். இப்ப உங்கள திரும்ப தூங்க வைக்கிறேன். மருந்து போனதும் நானே எழுப்புறேன்."

நான் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

அடுத்த நாள் வார்டில் நான் நடந்ததைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மயக்கத்தில் அப்படித்தான் கனவு வரும் மாஸ்டர் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆள்கூடத் தனக்கு யானை துரத்துகிற கனவு வந்ததாகச் சொல்லி எனக்கு ஆறுதல் கூறினார். என் மனைவி கலா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் கனவு என்றுதான் நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் என்னை உள்ளே போட்டுப் பூட்டிய மாதிரி இருந்தது.

பகலில் றிஸ்வானா வந்தார். முகமூடி இல்லை. களைத்துப்போன முகம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன கேட்டிச்சு, சொல்லுங்க" என்றார். சொன்னேன். பாண் வராத கதையைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கனவில்ல சேர்" என்றார். "நடந்ததுதான். அத முழுசா நான் எழுதி வைக்கிறேன். என்னைத் திட்டணும்னா திட்டுங்க."

அப்படி எழுதி வைத்ததற்காக மேலதிகாரிகள் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் அவரைத் திட்டவில்லை. கனவில்லை என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகைதான் வந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற ஆள் நான், வார்டு முழுக்கப் பார்க்க விக்கி விக்கி அழுதேன். அவர் எழுந்து போகவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, "உங்க தோள்ல இந்தத் தழும்பு என்ன?" என்று கேட்டார்.

"எந்தத் தழும்பு?"

"ரெண்டு தோள்லயும் பட்டி அழுத்தின மாதிரி காய்ச்சுப் போயிருக்கு. நேத்து வயர் ஒட்டும்போதே பாத்தேன். மாஸ்டர் வேலைக்கு இது எப்படி வரும்? அந்திக்கு என்ன வேலை செய்யுறீங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னேன். குவாட்டர்ஸுக்குப் பின்னால் எனக்கொரு மரக்கறித் தோட்டம் இருந்தது. லீக்ஸும் கோவாவும் போட்டிருந்தேன். பாடசாலை விட்டதும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சி மருந்து அடிப்பேன். மலையில் ஒரு வேலையோடு வாழ்கிறவன் யார்? கொழுந்து பறிக்கிறவளுக்கும் அந்திக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒபீஸ் கிளாக்கருக்கும் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் தொழில் என்ன என்று கேட்டால் ஆசிரியர் என்று சொல்வோம், தொழிலாளி என்று சொல்வோம். அந்தி வேலையைத் தொழில் என்று நாங்களே நினைப்பதில்லை.

"கையுறை, முகமூடி?"

"வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அடிக்கிறதுதான்."

"மருந்து எங்க எடுக்கிறீங்க?"

"லிந்துலையில. சலீம் முதலாளி கடையில."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது எங்க வாப்பா" என்றார்.

பிறகு எனக்கு விளக்கினார். நான் கணிதம் படித்தவன் என்பதால் பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "மயக்கம்கிறது ஒரு மருந்தில்ல சேர். ஒண்ணு தூங்க வைக்கும். ஒண்ணு வலிய மறைக்கும். ஒண்ணு உடம்ப அசையாம வைக்கும். மூணையும் கலந்துதான் கொடுக்கிறோம். கலந்தா ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் போதும், ஆளும் சுருக்கா எழும்புவார். ஆனா மூணும் ஒண்ணா ஏறின பஸ்ஸில மூணும் ஒண்ணா இறங்கணும். உங்களுக்கு தூக்கம் தலவாக்கலையிலயே இறங்கிருச்சு. அசையாம வைக்கிறது இறங்காம உக்காந்துருச்சு."

அந்த மருந்தைக் கரைத்துத் தள்ளுகிற சத்து ஒன்று எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கிறதாம். நான் அடித்த பூச்சி மருந்து தோல் வழியாக ஏறி அந்தச் சத்தைத்தான் சாப்பிட்டுவிட்டிருந்தது. சில நிமிடங்களில் போக வேண்டியது போகவில்லை. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தான் நினைத்தது சரி என்று அவர் வந்து சொன்னார். சரியாக இருந்ததில் அவருக்கு ஒரு சந்தோசமும் இல்லை. அவர் படித்ததும் சாப்பிட்டதும் அந்தக் கடையின் வியாபாரத்தில்தானே.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் கடைக்குப் போனபோது தகப்பனும் மகளும் சண்டை. பூச்சி மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், ஒபரேசனுக்குப் போனால் இதை அடிக்கிறதை டாக்டரிடம் சொல்லச் சொல்ல வேண்டும் என்பது மகளின் கட்டளை.

"நான் என்ன கடையா நடத்துறேன், ஆஸ்பத்திரியா?" என்றார் முதலாளி. "சாமான் வாங்க வந்த மனுசன்கிட்ட ஒபரேசன் கதை கதைச்சா அவன் அடுத்த கடைக்குப் போவான் மகள்."

"போகட்டும் வாப்பா. அங்கயும் நான் போய் சொல்றேன்."

"அல்லாவே, இவள் செஞ்சாலும் செய்வாள்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மகள் பக்கம் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். அன்றிலிருந்து போத்தலைத் தாளில் சுற்றிக்கொண்டே அதைச் சொல்லத் தொடங்கினார். முதலில் முணுமுணுப்பாகத்தான் சொன்னார். நாளாக ஆக, மகள் டாக்டர் என்பதையும் சேர்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

மகளோ, கிளினிக்கில் யாரைப் பார்த்தாலும் அந்திக்கு என்ன வேலை என்று கேட்காமல் விடமாட்டார். நானே பார்த்திருக்கிறேன். வாங்குப் பலகையில் எனக்கு முன்னால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கர்ப்பப்பையில் கட்டி. இன்னொரு டாக்டர் அவரிடம் வரிசையாகக் கேட்டார். மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா? "இல்லிங்க." நோய் வருத்தம் ஏதும்? "இல்லிங்க." காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் தோட்டத் துரை கேட்டால் என்ன பதில் வருமோ அதே பதில். அதிகாரத்தில் இருக்கிறவர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை என்பது எங்கள் ஆட்களுக்குப் பால்குடியிலேயே ஊறினது. றிஸ்வானா வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வாங்கிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, கால் கொடைச்சல்ல தூக்கம் வராட்டி என்ன செய்வீங்க?"

"அதுக்கு பக்கத்து காம்பராக்காரவங்க மாத்திர தருவாங்க டாக்டர். சின்னதா, வெள்ளையா."

"டெய்லியா?"

"அது இல்லாம எப்பிடிங்க தூங்குறது? நாலு மணிக்கெல்லாம் எந்திரிக்கணுமே."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களில் உப்பும் தீப்பெட்டியும் மாதிரி மாத்திரையும் கைமாறும். யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை ஐந்தாறு வீட்டுக்குப் போகும். அதோடு மயக்க மருந்தும் சேர்ந்தால் ஆள் எழும்புவது இழுத்துக்கொண்டே போகும். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்தாம். அந்தப் பெண்ணின் ஒபரேசனைத் தள்ளிப்போட்டு, மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார்கள். அவர் சுகமாக எழும்பி வீட்டுக்குப் போனார். "தூங்க வைக்கிறது பெரிய வேலையில்ல சேர். எழுப்பி விடத்தான் நான் படிச்சேன்" என்று றிஸ்வானா சொன்னது அப்போதுதான்.

நான் பூச்சி மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன். லீக்ஸில் பாதி பூச்சிக்குப் போனது, போகட்டும். ஆனால் அந்தத் தியேட்டர் என்னைவிட்டுப் போகவில்லை. கண்ணை மூடினால் திறக்க முடியுமா என்று பார்த்துக்கொள்வேன். கலா குளிருக்குப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டால் உதறிக்கொண்டு எழும்புவேன். பஸ்ஸில் கதவோரத்தில்தான் நிற்பேன், உள்ளே இடமிருந்தாலும்.

அப்படி இருக்கும்போதுதான் இடது சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள். எடுத்துவிட்டால் பிழைக்கலாம், விட்டால் பரவும் என்றார் சத்திரசிகிச்சை டாக்டர். சரி என்று தலையாட்டினேன். வார்டில் போய்ப் படுத்தேன். குறித்த நாளன்று காலையில் தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது. நான் கழிவறைக்குப் போய் ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் காற்சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறி பஸ் ஏறிவிட்டேன். கலாவையும் பையையும் வார்டிலேயே விட்டுவிட்டுத்தான். இன்றுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

அன்று பின்நேரம் மழைக்குள் ஓர் ஓட்டோ வந்து குவாட்டர்ஸ் வாசலில் நின்றது. கலா இறங்கினாள். பின்னால் றிஸ்வானா, செருப்பெல்லாம் சேறு. நான் லீக்ஸ் பாத்தியில் நின்றிருந்தேன். அவர் பாத்தி வரப்பில் வந்து நின்றார்.

"பயமா சேர்?"

"சாகிறதுக்குப் பயமில்ல டாக்டர். கட்டி கொண்டு போனா போகட்டும். நான் திரும்ப அதுக்குள்ள போக மாட்டேன்."

"என்னங்க இது பேச்சு? பிள்ளை ஏ.எல். பரீட்சை எடுக்கப் போறா" என்று கலா அழத் தொடங்கினாள்.

ஒன்றும் நடக்காது என்று றிஸ்வானா சொல்வார், சொன்னதும் பிடித்துக் கத்தலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"ஒண்ணும் நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். போன தடவை அப்படித்தான் சொன்னேன், நடந்திச்சு. இந்தத் தடவை அந்த மருந்தே இல்ல. வேற மருந்து. முதுகுல ஒரு ஊசி போட்டு வலிய தனியா அடக்கிருவேன், அப்ப மத்ததெல்லாம் கொஞ்சமா போதும். மருந்து போயிருச்சான்னு நரம்பத் தட்டிப் பாத்துட்டுத்தான் எழுப்புவேன். இவ்வளவும் செஞ்சும் நீங்க உள்ளுக்கு மாட்டினா, உங்க வலது கையில என்ட விரல் இருக்கும். நான் பேசிக்கிட்டே இருப்பேன். விரல் இருந்தா நான் நிக்கிறேன்னு அர்த்தம்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"நீங்க என்ட விரலப் புடிக்கிற வரைக்கும்."

நான் கையைக் கழுவிக்கொண்டு அதே ஓட்டோவில் ஏறினேன்.

இரண்டாவது தடவை எனக்கு முதலில் தெரிந்தது சத்தமில்லை, உள்ளங்கையில் ஓர் அழுத்தம். பிறகு குரல். லீக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லீக்ஸை எப்படி வெட்டுவது, எதனோடு போட்டு வதக்குவது, சலீம் முதலாளி தேத்தண்ணியில் எவ்வளவு சீனி போடுகிறார், சொன்னால் கேட்கிறாரா என்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குள் அந்தப் பழைய பயம் எழும்பியது. பிடிக்க முடியுமா? கையை மூடிப் பார்த்தேன். மூடியது. விரல் உள்ளே இருந்தது.

"ஆ, வந்துட்டார்" என்றார். "இவ்வளவு நேரமா லீக்ஸ் பத்திப் பேச வச்சிட்டீங்களே. எனக்கு லீக்ஸே புடிக்காது."

கட்டி போய்விட்டது. மகள் பரீட்சை எழுதினாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று பாத்தியில் நின்று அவர் என்னை வாதாடித் தோற்கடிக்கப் பார்த்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். எனக்கு நடந்தது நடந்ததுதான் என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் கூப்பிட்டதால்தான் போனேன்.

அந்த மண்சரிவுக்கு முந்தின வாரம் வேலையில் நிற்கும்போதே அவர் விழுந்திருக்கிறார். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கண்டிக்குக் கொண்டுபோனார்கள். நான் போனபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சலீம் முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு தடவை உள்ளே போய் வந்தாராம். திரும்பப் போகக் கால் வரவில்லை.

"நீங்க போங்க சேர். எனக்கு ஏலாது. அவள் பேசாமக் கிடக்கிறதப் பாக்க எனக்கு ஏலாது."

உள்ளே போனேன். வாயில் குழாய். மெசின் அவருக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஊசிக்குழாய்களை மெதுவாகத் தள்ளும் கருவிகள். என்ன மருந்துகள் என்று அங்கே நின்ற தாதியிடம் கேட்டேன். தூங்க வைப்பது, வலிக்கு, அசையாமல் வைப்பது என்று சிங்களத்தில் சொன்னார். மூன்றும் எனக்குப் பழக்கமானவை. கேட்காது, பேசிப் பயனில்லை என்றும் இரக்கமாகத்தான் சொன்னார்.

நான் அவருடைய வலது உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். "டாக்டர், சேர் பேசுறேன். நீங்க கண்டியில இருக்கீங்க. தலையில ஒபரேசன் செஞ்சிருக்காங்க. மூச்ச மெசின் எடுத்துத் தருது, நீங்க கஷ்டப்பட வேணாம். வாப்பா வெளியில நிக்கிறார்." அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. மழையைச் சொன்னேன். பாதையைச் சொன்னேன். கடைசியில் லீக்ஸைப் பற்றிப் பேசினேன், அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும். கை மூடவில்லை. நேரமாகிவிட்டது என்று தாதி வந்து நின்றார். நான் விரலை எடுக்க வேண்டியிருந்தது. பிடிக்கிற வரைக்கும் நிற்க என்னை விடவில்லை.

அந்தப் பஸ்ஸுக்குள் நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். பின்நேரம் மண்ணை அள்ளி ஓர் ஆள் நடக்க வழி செய்தார்கள். கடைக்குப் போனபோது கதவில் பாதியை இறக்கியிருந்தார்கள். சனம் போய்விட்டிருந்தது. உர மூட்டைகளுக்கு நடுவே முதலாளி தனியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன். 

"சேர்" என்றார். "நீங்க அப்படிக் கிடந்து வந்த ஆள். எங்கட ஆக்கள் எல்லாரும் அவளுக்கு ஒண்டும் தெரிஞ்சீக்காது, நிம்மதியாப் போனான்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. அவளுக்கு கேட்டீக்குமா?"

கணிதக்காரன் நான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லை. அவருடைய மகளும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

"அவங்களுக்கு கேட்டிச்சான்னு எனக்குத் தெரியாது முதலாளி" என்றேன். "எனக்குக் கேட்டிச்சு. நானும் அன்னைக்கு ஒரு விரல்கூட அசைக்கல. எல்லாம் கேட்டிச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க உள்ளுக்குப் போய் என்ன சொன்னீங்க?"

"வாப்பா வெளியில நிக்கிறார்னு சொன்னேன்."

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் அவருடைய கேள்வி இருக்கிறது. இப்போது யாரைப் பார்த்தாலும் அந்திக்கு என்ன வேலை என்று நானும் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அதையும் சொல்லுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறேன். பேசாமல் கிடக்கிற ஆளிடம் பேச இப்போது எனக்கு வெட்கமில்லை. இவற்றோடு, அவர் விரல் வைத்த ஓரிடம் என் வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிறது.

அன்று கடையில் அதையும் முதலாளியிடம் சொன்னேன். "எங்க வச்சாள்?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் தன் விரலைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார். உரம் அள்ளித் தடித்துப்போன விரல். நான் கையை மூடிப் பிடித்துக்கொண்டேன்.